உதைக்கும் கியர்பாக்ஸ்: 1983 மெர்சிடீஸ் 300டி நாட்குறிப்பு

ஜூன் 8, 2024, சனி

வண்டி உதைப்பது இந்த வாரம் இன்னும் மோசமாகிவிட்டது. 2-லிருந்து 3-க்கும், 3-லிருந்து 4-க்கும் மாறும்போது தலை முன்னே போய் வருகிற அளவுக்கு ஒரு இடி. ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்தால்தான் இடி அதிகம், நன்றாக அழுத்தி ஓட்டினால் அவ்வளவாகத் தெரிவதில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன், பின்னால் உதவும்.

காட்டப்போன ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸை இறக்கி முழுசா ஓவர்ஹால் பண்ணணும்" என்றார்கள். 4,000 டாலருக்கு மேல். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை, அதான் டிப்ஸ்டிக்கைக்கூட யாரும் உருவிப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தல்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: இது டபிள்யூ123 வரிசை மெர்சிடீஸ். 1976 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் வந்த வரிசை. என்னுடையது 5 சிலிண்டர், 3 லிட்டர் டர்போ டீசல், எஞ்சின் பெயர் ஓஎம்617. கியர்பாக்ஸ் 722.3, நான்கு கியர் ஆட்டோமேடிக். சாக்ரமெண்டோ வெயிலில் வளர்ந்த வண்டி. அதனால் உடம்பில் துரு கிடையாது, ரப்பரும் பிளாஸ்டிக்கும் மட்டும் அப்பளம்.

ஜூன் 9, ஞாயிறு

முதலில் எண்ணெய். இந்த வண்டியில் ஏடிஎஃப் (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) அளவை எஞ்சின் ஓடும்போது, லீவர் 'பி'-யில் (பார்க்) இருக்க, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பார்க்க வேண்டும். சூடு என்றால் சுமார் 80 டிகிரி, அதாவது அரைமணி நேரமாவது ஓட்டிவிட்டு வரணும். குளிர்ந்த நிலையில் பார்த்து, குறைகிறதே என்று ஊற்றினால் அளவு மிஞ்சி எண்ணெய் நுரைக்கும், அப்புறம் வேறு தொல்லை. டிப்ஸ்டிக்கைப் பஞ்சுத் துணியால் துடைக்கவும் கூடாது. உள்ளே வால்வுகள் இருக்கிற பாதைக்கு ஒரு நூல் போனாலும் வம்பு.

அளவு சரியாக இருந்தது. நிறம் சிவப்பிலிருந்து பழுப்புக்குப் போயிருந்தது, ஆனால் கருகிய வாசனை இல்லை. எப்படியும் மாற்றும் காலம்தான் என்று இறக்கிவிட்டேன். கியர்பாக்ஸின் அடித்தட்டான பானின் பிளக்கைக் கழற்றினால் வருவது பாதிதான். மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் மூலம் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும். அதற்கும் மெர்சிடீஸ் ஒரு பிளக் வைத்திருக்கிறது. கிராங்க் போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் போட்டு எஞ்சினைக் கையால் சுழற்றிக்கொண்டே இருந்தால் அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடி ஓட்டையில் அந்தப் பிளக் வந்து நிற்கும். இன்றைய வண்டிகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது.

பானில் சாம்பல் நிறக் குழம்பு கொஞ்சம். கிளட்ச் தேய்மானம், இந்த வயதில் இயல்பு. பித்தளைத் துகளோ கிளட்ச் தகட்டின் துண்டோ ஒன்றுகூட இல்லை. புது ஃபில்டர், புது கேஸ்கெட், ஏறத்தாழ 6 லிட்டர் டெக்ஸ்ரான் 3.

உதை அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் பானைப் பார்த்த பிறகு ஓவர்ஹால் பேச்சில் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

ஜூன் 15, சனி

காலையில் மனைவி கடைக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: "ஏங்க, சாவியை எடுத்த பிறகும் வண்டி ஓடிக்கிட்டே இருக்குங்க. பின்கதவும் பூட்ட மாட்டேங்குது."

இந்த வண்டியில் கியர் உதைப்பது, எஞ்சின் அணைய மறுப்பது, கதவு பூட்டாதது மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியில் ஒரு த்ராட்டில் தகடு இருக்கும். அதன் பின்னால் வேக்குவம் (காற்றை உறிஞ்சுவதால் வரும் குறை அழுத்தம்) தானாக உண்டாகும். டீசலில் அந்தத் தகடு இல்லை, வேக்குவமும் இல்லை. அதனால் எஞ்சினின் முன்பக்கத்தில் தனியாக ஒரு வேக்குவம் பம்ப். பிரேக் பூஸ்டருக்கு அதிலிருந்துதான். கதவுப் பூட்டுகள், ஏசி காற்றைத் திருப்பும் மடல்கள், எஞ்சினை அணைக்கும் வால்வு எல்லாம் அதிலிருந்துதான். கியர்பாக்ஸின் மாடுலேட்டருக்குப் போவதும் அங்கிருந்தே.

மாடுலேட்டர் என்பது கியர்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன டப்பா, உள்ளே ஒரு டயஃப்ரம் (மெல்லிய சவ்வு). ஓட்டுகிறவர் எவ்வளவு மிதிக்கிறார் என்று பெட்டி தெரிந்துகொள்வது வேக்குவத்தின் மூலம். வேக்குவம் நிறைய வந்தால் 'மெதுவாகப் போகிறார், கிளட்சை மென்மையாகப் பிடி' என்று பொருள். வேக்குவம் குறைந்தால் 'முழுசாக மிதிக்கிறார், இறுக்கிப் பிடி'. எங்கோ ஒரு குழாய் ஒழுகினாலும் பெட்டிக்கு இரண்டாவது செய்திதான் போகும். நான் மெதுவாக மிதிக்கும்போது இடி அதிகமாகவும், அழுத்தி மிதிக்கும்போது குறைவாகவும் தெரிந்ததற்கு இதுதான் விளக்கமாக இருக்க வேண்டும். அழுத்தி மிதிக்கும் நேரத்தில் பெட்டிக்குப் போகும் செய்தி உண்மை.

ஒரு ஆறுதலும் உண்டு. இறுக்கிப் பிடிப்பதால் கிளட்சுக்குக் கேடில்லை. 2-க்கும் 3-க்கும் நடுவே எஞ்சின் தனியாக ஓலமிட்டு வழுக்கினால்தான் உள்ளே எரிகிறது என்று பயப்படணும்.

ஜூன் 16, ஞாயிறு

வேக்குவம் பம்பின் வாயில் கேஜ் மாட்டினேன். ஐடிலில் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) 20 அங்குலத்துக்கு மேல் (பாதரச அளவில்). பம்ப் நன்றாக இருக்கிறது, ஒழுக்கு கிளைகளில்தான். ஒவ்வொரு கிளையாகக் கழற்றி அடைத்துப் பார்ப்பதுதான் வழி. அடைப்பதற்கு கால்ஃப் பந்தை நிறுத்தும் மரக்குச்சி மாதிரி ஒன்று வேறில்லை. கூம்பு வடிவம், எந்த அளவுக் குழாயிலும் சிக்கென்று நிற்கும். ஒரு பை நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். இதுவரை கால்ஃப் ஆடியதில்லை.

கதவுப் பூட்டுக் கிளையை அடைத்ததும் எஞ்சின் சாவிக்கு உடனே அடங்கியது. அப்புறம் கையால் வேக்குவம் இழுக்கும் கைப்பம்பை எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போனேன். இடது பின்கதவுக்குள் பூட்டை இயக்கும் ஆக்சுவேட்டரின் ரப்பர் கிழிந்திருக்கிறது. பூட்டும் பக்கம் மட்டும் ஒழுகுகிறது, திறக்கும் பக்கம் பிடித்து நிற்கிறது. கதவு அட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் பிளாஸ்டிக் கிளிப்புகள் பாதி உடைந்தன. அது தனிக் கதை.

எஞ்சின் பிரச்சினை தீர்ந்தது. கதவும் பூட்டுகிறது. கியர் உதை கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

ஜூன் 22, சனி

இன்று செய்த சோதனையை இந்த வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்வேன்.

வண்டிக்கு அடியில் போய் மாடுலேட்டரின் குழாயைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு எண்ணெய் இல்லை. டயஃப்ரம் கிழிந்திருந்தால் அந்த வழியாக ஏடிஎஃப் மேலே உறிஞ்சப்பட்டிருக்கும். கைப்பம்பை மாட்டி இழுத்ததும் முள் அசையாமல் நின்றது. மாடுலேட்டர் நலம்.

அடுத்து, அதே கைப்பம்பை ஒரு நீளமான ஹோஸில் கோத்து, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து மனைவியின் மடியில் வைத்தேன். எஞ்சினிலிருந்து வரும் வேக்குவத்தை அடைத்துவிட்டோம். இப்போது பெட்டிக்குச் செய்தி சொல்வது அவள்தான். 10 அங்குலம் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, தெருவில் மெதுவாகக் கிளம்பினேன்.

2-3, 3-4 இரண்டும் வெண்ணெய். எப்போது மாறியது என்றே தெரியவில்லை. விட்டுவிடச் சொன்னேன், அதே பழைய இடி. மறுபடி இழுக்கச் சொன்னேன், போய்விட்டது.

ஆக, பெட்டி நன்றாக இருக்கிறது. அதற்குப் போகும் செய்திதான் தப்பு. ஆனால் கையால் வேக்குவம் கொடுத்துக்கொண்டே அழுத்தி மிதித்து ஓட்டக் கூடாது. மென்மையாகப் பிடித்த கிளட்ச் அந்தச் சுமையைத் தாங்காமல் வழுக்கும். நாங்கள் 30 மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை.

"இதுக்குத்தானா 4,000 டாலர் கேட்டாங்க?" என்றாள். நான் பதில் சொல்லாமல் ஓட்டினேன்.

ஜூன் 23, ஞாயிறு

செய்தியைக் கெடுப்பது யார் என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. இன்ஜெக்‌ஷன் பம்பின் மேல் ஆக்சிலரேட்டர் இணைப்போடு சேர்ந்து திரும்பும் ஒரு வேக்குவம் கன்ட்ரோல் வால்வு இருக்கிறது. வேக்குவம் பம்பின் முழு வேக்குவத்தை வாங்கி, மிதிக்கும் அளவுக்கு ஏற்பக் குறைத்து மாடுலேட்டருக்கு அனுப்புவது அதன் வேலை. ஐடிலில் 10 அங்குலத்துக்கு மேலாவது வரணும், மிதிக்க மிதிக்க இறங்கி, முழு மிதியில் சுழியைத் தொடணும். என்னுடையதில் ஐடிலிலேயே 4. வால்வுக்குப் போகும் குழாயில் முழு அளவு இருக்கிறது, வெளியே வருவதில் இல்லை. உள்ளே தேய்ந்துவிட்டது. ஆர்டர் போட்டாயிற்று.

ஜூலை 6, சனி

வால்வு வந்துவிட்டது. வெளியே 40 டிகிரிக்கு மேல் கொளுத்துகிறது. நிழலில் நின்றுகொண்டே செய்யக்கூடிய வேலை மட்டும்: வேக்குவம் குழாய்களை இணைக்கும், இறுகிப்போன ரப்பர் எல்போக்கள் அத்தனையும் புதிது.

ஜூலை 13, சனி

விடியற்காலையில் வால்வை மாட்டினேன். இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் வால்வின் உடம்பைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பலாம், வேக்குவம் அதற்கேற்ப ஏறி இறங்கும். கேஜைப் பார்த்துக்கொண்டே 12 அங்குலத்தில் நிறுத்தினேன்.

மாடுலேட்டரிலும் ஒரு திருகு உண்டு, ரப்பர் மூடிக்குள் 'டி' வடிவக் கைப்பிடி. வலப்பக்கம் திருப்பினால் அழுத்தம் கூடும். பலர் முதல் வேலையாக இதைத்தான் திருப்புகிறார்கள். வேக்குவத்தைச் சரிசெய்யாமல் அதைத் தொட்டால் ஒரு தப்பை இன்னொரு தப்பால் மறைக்கிற மாதிரி ஆகிவிடும். எனக்குத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

ஆக்சிலரேட்டர் இணைப்பிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் பௌடன் கேபிளும் பார்த்தேன். கியர் எவ்வளவு மென்மையாக மாற வேண்டும் என்பது வேக்குவத்தின் பொறுப்பு, எந்த வேகத்தில் மாற வேண்டும் என்பதில் கேபிளுக்குப் பங்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, இடிக்கிறதே என்று கேபிளைத் தளர்த்துகிறவர்கள் உண்டு. கேபிளின் நுனியில் இருக்கும் குழியை அது மாட்டியிருக்கும் பந்திலிருந்து கழற்றி, லேசாகத் தடுக்கும் வரை இழுத்தால், குழி பந்துக்கு நேர்மேலே வந்து நிற்கணும். என்னுடையது தளர்ந்திருந்தது, 4-க்குச் சீக்கிரமே தாவிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று சுற்று இறுக்கினேன்.

டேவிஸ் வரை ஐ-80-இல் போய் வந்தேன். ஒரு இடிகூட இல்லை.

ஜூலை 20, சனி

மிச்சம் ஒன்று இருக்கிறது. 'பி'-யிலிருந்து 'ஆர்'-க்கு (ரிவர்ஸ்) போடும்போது அடியில் 'டொக்'. வேக்குவம் சரியான பிறகும் போகவில்லை. அப்படியென்றால் பெட்டிக்கு வெளியே தேட வேண்டும். ஜாக் ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் முன்பக்க ஃப்ளெக்ஸ் டிஸ்க்கில் (ரப்பர் இணைப்புத் தட்டு) போல்ட் ஓட்டைகளைச் சுற்றி ரப்பர் வெடித்து உள்நூல் தெரிகிறது. பின்பக்கமும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் மவுண்ட்டுகள் பரவாயில்லை.

இரண்டு டிஸ்க், சென்டர் பேரிங், புது லாக் நட்டுகள் ஆர்டர் போட்டாயிற்று. பழைய நட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது, பிடிப்பு போயிருக்கும். ஷாஃப்ட்டின் இரு பாதிகளையும் பிரிப்பதற்கு முன் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டேன். வேறு நிலையில் கோத்தால் பேலன்ஸ் கெட்டு, 60 மைல் வேகத்தில் வண்டியின் தரை முழுக்க அதிரும்.