துள்ளுகிற ரகம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் எலிக்கூடத்தில் எனக்கு வேலை. தொழுவத்திலும் தானியக் கிடங்கிலும் பிடித்த சுண்டெலிகளிலிருந்து ஆய்வுக்கான புதிய ரகங்களை உருவாக்குகிறோம். பொறியில் வேர்க்கடலை வெண்ணெயும் ஓட்ஸும் வைத்து, குளிருக்குக் கொஞ்சம் பஞ்சையும் திணித்துவிட்டு வந்தால் எலி கிடைத்துவிடும். பிடிப்பது சுலபம். வைத்துக்கொள்வதுதான் பாடு.

ஆய்வகங்களில் எங்கும் நிறைந்திருப்பது ‘பிளாக் 6’ என்று நாங்கள் கூப்பிடும் சி57பிஎல்/6 கறுப்பு எலி. கையில் எடுத்தால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். அதன் முன்னோர்கள் மாசசூசெட்ஸில் அபி லாத்ராப் என்ற பெண்மணி ஆசைக்கு வளர்ப்பவர்களுக்காக விற்ற எலிகள். பழைய ரகங்களின் மரபணுக்களில் பெரும்பகுதி மேற்கு ஐரோப்பியத் துணையினம் ஒன்றிலிருந்தே வந்தவை. அதனால் என்ன என்று கேட்கலாம். இன்ஃப்ளுயன்சாவைத் தடுக்கும் எம்எக்ஸ்1 மரபணு பெரும்பாலான ஆய்வக ரகங்களில் பழுது. ஏ2ஜி என்ற ரகம் மட்டும் அந்த வைரஸைத் தாங்கியதை வைரஸ் ஆய்வாளர் லிண்டன்மன் 1962இல் எழுதியபோதுதான் விஷயம் வெளியே தெரிய ஆரம்பித்தது. கொசு பரப்பும் மேற்கு நைல் வைரஸுக்கும் இதே கதைதான். அதைத் தடுக்கும் ஓஏஎஸ்1பி மரபணு இந்த ரகங்களில் பாதியில் அறுந்து கிடப்பதை 2002இல் கண்டார்கள். தொழுவத்து எலிகள் பலவற்றிடம் இவை ஒழுங்காக வேலை செய்கின்றன. ஒரே ஒரு மனிதரைச் சோதித்துவிட்டு ஊருக்கே மருந்து எழுதுவது போலத்தான் இத்தனை காலம் நடந்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். வெளி எலி கிருமியோடு வரும், அதனால் முதலில் தனி அறை. அப்புறம் அதன் கருவைச் சுத்தமான ஆய்வகத் தாயின் வயிற்றில் வைத்துப் பிறக்கச் செய்கிறோம். எல்லா எலிக்கும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள் இருந்தால்தான் அது ரகம். அதற்காக உடன்பிறந்த ஆணையும் பெண்ணையுமே இணை சேர்க்க வேண்டும், தொடர்ந்து 20 தலைமுறை. சினைக்காலம் மூன்று வாரம்தான் என்றாலும், ஒரு தலைமுறைக்கு மூன்று மாதமாவது ஆகும். ஐந்து வருஷம் போய்விடும்.

அதற்குள் பல வம்சங்கள் அற்றுப்போகும். ஒளிந்திருந்த கெட்ட மரபணுக்கள் இரண்டிரண்டாகச் சேர, ஈத்து சிறுத்துக்கொண்டே வரும். கூண்டு அட்டையில் ஐந்து குட்டி என்று எழுதிவிட்டுப் போவேன், மறுநாள் இரண்டுதான் இருக்கும். கலைந்த கூட்டைப் பார்த்தாலே தாய் தின்றுவிட்டது தெரியும். ஒரு கட்டத்தில் அந்த அட்டையையே எடுத்துவிட வேண்டியதுதான்.

மிஞ்சுபவையும் சாது இல்லை. மூடியைத் திறந்ததும் சோளப்பொரி மாதிரி எகிறும். ஆழமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் கூண்டை இறக்கித்தான் திறப்போம். வாலைப் பிடித்தால் கடி நிச்சயம், குழாய்க்குள் தானாக ஓடவிட்டு மாற்றுவதே மேல். என்னை உறுத்துவது வேறு: எங்கள் கூண்டையும் வெளிச்சத்தையும் சகித்துக் குட்டி போட்டவற்றைத்தானே நாங்கள் காப்பாற்றுகிறோம்? வெளியிலிருக்கும் பன்மை முழுதும் உள்ளே வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனாலும் நிறைய வந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் மைக்கேல் நாக்மன் குழு கனடாவின் எட்மன்டன், நியூயார்க் மாநிலத்தின் சாரடோகா ஸ்பிரிங்ஸ், ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில், அரிசோனாவின் டூசான், பிரேசில் அமேசானின் மனாவுஸ் எலிகளிலிருந்து ரகங்களை உருவாக்கியிருக்கிறது. ஐரோப்பியர்களின் கப்பலில் வந்த எலிகள் சில நூறு வருஷங்களில் கனடாக் குளிருக்கும் அமேசான் வெக்கைக்கும் பழகியிருக்கின்றன. நியூயார்க் எலியின் குட்டிகள் ஆய்வகத்திலேயே பிறந்தாலும் ஃபுளோரிடாக் குட்டிகளைவிட எடை கூடுதல், அவை கட்டுகிற கூடும் பெரிது.

இந்த மாதிரி ரகங்களைக் கேட்டு எங்களுக்கும் தொலைபேசி வரும். துள்ளல், கடி, சின்ன ஈத்து என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சுருதி இறங்கும். “இப்போதைக்கு பிளாக் 6லேயே பார்த்துக்கொள்கிறோம்” என்பார்கள். வைரஸ் ஆய்வாளர்கள் மட்டும் அத்தனையும் கேட்டுவிட்டு, எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்பார்கள்.