அப்பாவின் பொருத்தனை

எருசலேம் மண்ணை ஒருதரம் மிதித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எங்கள் சபையில் இருபது வருஷத்துக்கு மேல் பொருளாளராக இருந்தவர். ஆராதனை முடிந்து காணிக்கை எண்ண உட்கார்ந்தால், கூட இன்னொருவர் வரும்வரை பையை அவிழ்க்கமாட்டார். நாங்கள் பசியோடு வாசலில் நிற்போம். கேட்டால், "யோவாஸ் ராஜா காலத்திலேயே ரெண்டு பேர் சேர்ந்துதாம்மா எண்ணினாங்க" என்பார்.

அவர் இருக்கும்போது வாய்க்கவில்லை. கர்த்தருடைய கிருபையால் போன மாதம் நானும் தம்பியும் போய்வந்தோம். பொருத்தனை என்று, கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட காணிக்கையாக, அப்பா எடுத்துவைத்திருந்த கவர் என் கைப்பையில் இருந்தது.

பழைய நகரத்துச் சந்துகளில் நடக்கவே முடியவில்லை. ஒலிவமரச் சிலுவை, ஜெபமாலை என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். மேற்குச் சுவரில் இருபது நிமிஷம்தான் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். கூட்டத்தில் கல்லைத் தொட்டு ஒரு ஜெபம் முடிப்பதற்குள் பின்னாலிருந்து நெருக்கினார்கள். மனது நிறையவே இல்லை.

அப்புறம் தெற்குப் படிகளுக்குப் போனோம். அந்தக் காலத்து யூத ஜனங்கள் எருசலேம் தேவாலயத்துக்கு ஏறிப்போன படிகள். ஒன்று அகலம், ஒன்று குறுகல். அவசரமாக ஏறவே வராது. முட்டிவலியில் நான் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி இரண்டாம் இராஜாக்கள் 12-ஐ வாசித்தான். யூதாவின் ராஜாவான யோவாஸ் ஆண்ட 23-ம் வருஷம் வரைக்கும் ஆசாரியர்கள் பணம் வாங்கியும் ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. வேதம் அதை மறைக்கவில்லை. அதன் பிறகுதான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தார். ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். வேலையை நடத்தியவர்களிடம் கணக்கே கேட்கவில்லை; அவர்கள் அவ்வளவு உண்மையாய் நடந்தார்கள்.

அப்போது வழிகாட்டி, யூதருடைய பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவிலிருந்து ஒன்று சொன்னார். ஆலயக் காணிக்கைப் பணம் இருந்த சேக்கல் அறைக்குள் பணம் எடுக்கப் போகிறவன் மடிப்பு வைத்த அங்கியோ செருப்போ போடக்கூடாதாம். தாயத்தும், வேதவசனம் வைத்துக் கட்டிக்கொள்ளும் காப்புநாடாவும்கூடக் கூடாது. நாளைக்கு அவன் பணக்காரனானால், ஆலயப் பணத்தில் ஆனான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே! ஆலயத்துக்குத் தூபவர்க்கம் செய்துகொடுத்த அவ்தினாஸ் என்ற குடும்பத்து வீட்டுப் பெண்கள் மணப்பெண்ணாகப் போகும்போதுகூட வாசனை பூசியதில்லையாம்.

எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்தது. அப்பா எண்ண உட்காருமுன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். பை இல்லாத பனியனோடுதான் எண்ணுவார். புழுக்கத்துக்குத்தான் கழற்றுகிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மிஷ்னா என்ற பேரைக்கூட அவர் கேட்டிருக்கமாட்டார். தகப்பனே, இப்படி ஒரு மனுஷனை எனக்கு அப்பாவாகத் தந்தீரே, ஸ்தோத்திரம்! அந்தக் கல்லில் முகத்தை வைத்து அழுதேன். அங்கே என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் ஆராதனைக்கு ஒரு ஆலயத்துக்குப் போனோம். தம்பி வந்து பக்கத்தில் உட்காரும்வரை கவரைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். மேலே அப்பா கையெழுத்தில் தொகை இருந்தது. இரண்டு பேருமாக எண்ணினோம். சரியாக இருந்தது.