கையைக் கட்டி இருத்துவதற்கு முன்

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு நடத்தைப் பயிற்சி என்றதும் "கையை ஆட்டாதே, என்னைப் பார்" என்ற அதட்டல்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில் 19 பிள்ளைகளுக்கு வாரம் சுமார் 40 மணித்தியாலம் பயிற்சி கொடுத்தார்கள். 9 பேர் சாதாரண வகுப்பில் தேறினார்கள். அந்த ஒன்பதைச் சொல்கிறவர்கள், "நோ" என்ற அதட்டலும் தொடையில் இடைக்கிடை விழுந்த அடியும் அந்த முறையில் இருந்ததைச் சொல்வதில்லை. கையாட்டுவது பிள்ளைக்கு மனம் ஆறும் வழி, அதை ஏன் பறிக்கிறீர்கள் என்று ஓட்டிசம் உள்ள பெரியவர்களே இன்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இந்தப் பயிற்சி கொடுப்பவர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் அமெரிக்கச் சபையின் 2022 ஒழுக்கக்கோவை பிள்ளையின் இசைவையும் பேசுகிறது. 2023 முதல் இலங்கையில் இருந்துகொண்டு அந்தச் சான்றிதழுக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அதனால் மட்டக்களப்பில் பயிற்சி நிலையச் சுவரில் தொங்கும் சான்றிதழை ஒருக்கா கிட்டப்போய் வாசியுங்கள். 40 மணித்தியால வகுப்பு முடித்தவர் என்று மட்டும் இருந்தால், அந்த வகுப்பு மேற்பார்வையின் கீழ் வேலைசெய்யும் உதவியாளருக்கானது. தனியே திட்டம் போட அது காணாது.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் பின்னேரத்தில் தன் காதில் தானே அடிக்கும் பிள்ளையை உதாரணமாக எடுங்கள். முதலில் காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு ஒரு கொப்பியில் பத்து நாள் மூன்று நிரல்: முன்னால் என்ன, என்ன செய்தான், பின்னால் என்ன. "கோபம் வந்தது" என்று எழுதினால் பிரயோசனமில்லை. "6.40, ஒலிபெருக்கி போட்டார்கள். இடது காதில் நாலு தரம் அடித்தான். அம்மம்மா பின்வளவுக்குக் கூட்டிப்போனா, இரண்டு நிமிடத்தில் நின்றது." இப்படி ஏழெட்டு வரி சேர்ந்தால் அவன் சத்தத்திலிருந்து தப்பப் பார்க்கிறான் என்பது தெரிந்துவிடும். "கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானாய் அடங்கும்" என்ற ஆலோசனை இங்கே சரிவராது; அவன் உங்கள் கவனத்தைக் கேட்கவே இல்லையே.

காதுமூடி வாங்கிக் கொடுங்கள். கூடவே, பின்வளவின் படம் போட்டு லமினேட் செய்த "போவோம்" அட்டை ஒன்று. சத்தமில்லாத நேரத்தில் பழக்குங்கள். கையைப் பிடித்து இழுக்காமல் அட்டையைக் காட்டினால் போதும். அவன் அதை நீட்டிய உடனே அவனோடு எழும்பிப் போகவேண்டும். அநேகமாகப் பிழைப்பது இங்கேதான்: "பூசை முடியட்டும், கொஞ்சம் இரு." இரண்டு தரம் அப்படிச் சொன்னால் அட்டை வெறும் அட்டை, கை திரும்பவும் காதுக்குப் போகும்.

அட்டையைக் கழுத்தில் கட்டாதீர்கள், இறுக்கும், சட்டைப்பைக்குள் வையுங்கள். எப்படியும் தொலையும். அம்மம்மா வீட்டுக்கும் பள்ளிக்கும் சேர்த்து நாலைந்து அடித்து வையுங்கள்.