7 அங்குல ரிம்மில் பன்னிரண்டரை அங்குல டயர்

என் 2003 ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் வண்டியை வாங்கப் போன அன்று அதன் டயர்களில்தான் மனம் விழுந்தது. முன்பு வைத்திருந்தவர் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தி, 33 அங்குல உயரமும் 12.50 அங்குல அகலமும் கொண்ட டயர்களை மாட்டியிருந்தார். ரிம் மட்டும் வண்டியோடு வந்த பழைய, 15 அங்குல விட்டமுள்ள ரிம். அதன் அகலம் 7 அங்குலம்தான். அன்று அதை நான் கவனிக்கவில்லை.

கொலராடோவின் டென்வரிலிருந்து 285ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் 10,000 அடி உயரத்தில் கெனோஷா கணவாய் வரும். நவம்பரில் ஒரு மாலை, ஈரப்பனியில் அங்கிருந்து இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் விலகிப் போய்த் திரும்பியது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, மெதுவாகப் போங்கள்" என்றாள். நான் ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை டயரின் பட்டன் ஆழத்தை, அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளங்களின் ஆழத்தை, அளந்தேன். ஓரங்களில் ஓர் அங்குலத்தில் 32இல் 11 பங்கு இருந்தது. நடுவில் 5 பங்குதான். கொலராடோவில் செப்டம்பர் முதல் மே வரை, ஐ-70 சாலையின் மலைப்பகுதியில் நான்கு சக்கர இழுவை வண்டிக்கும் 6 பங்கு ஆழம் வேண்டும் என்பது சட்டம். பக்கவாட்டில் பார்த்தால் புதுசு, நடுவில் தொட்டால் மொட்டை.

பெரிய தலையணையைச் சின்ன உறைக்குள் திணித்தால் நடு புடைத்துக்கொள்ளும் அல்லவா, அதேதான். டயரின் இரண்டு பீடுகளையும், அதாவது ரிம்மில் பொருந்தும் உள்விளிம்புகளையும், 7 அங்குலத்துக்குள் நெருக்கியதால் பக்கச்சுவர்கள் வெளியே பிதுங்கி, தரையைத் தொடும் பரப்பு வில்லாக வளைந்துவிட்டது. இந்த அளவு டயருக்கு 8.5 முதல் 11 அங்குலம் வரையிலான ரிம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களின் அட்டவணையிலேயே இருக்கிறது.

உறுதி செய்துகொள்ளச் சாக்பீஸால் டயரின் குறுக்கே தடித்த கோடு போட்டு, தெருவில் நேராகச் சிறிது தூரம் ஓட்டினேன். முந்தையவர் வைத்திருந்த 35 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் நடுவில் நான்கு விரல் அகலம் மட்டும் அழிந்தது. இரண்டிரண்டாகக் குறைத்து 24க்கு வந்த பிறகுதான் கோடு ஏறக்குறைய முழுதும் அழிந்தது. ஆனால் அந்த அழுத்தத்தில் நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது வண்டி சற்றுத் தாமதித்தே திரும்பியது. வண்டியின் உடல் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகுதான் நிமிர்ந்தது. அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

பாறைகளில் வண்டி ஏற்றும் நண்பர் ஒருவர், குறுகிய ரிம் தவறு என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. "குறுகிய ரிம்மில் பீடு கழலாது அண்ணா. காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினாலும் அப்படியே நிற்கும். ரிம்மும் பாறையில் உரசாது" என்றார். அவர் சொல்வது உண்மை. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைகளில் ஊர்கிறவருக்கு அது பெரிய லாபம். என் வண்டியோ வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையில் ஓடுகிறது.

இரண்டு வழிகள் இருந்தன. அகல ரிம் வாங்கினால் டயர் வெளியே துருத்தி, சேற்றையெல்லாம் கதவில் அடிக்கும். அதனால் 31க்கு 10.50 டயருக்கு இறங்கினேன். அதற்கு 7 முதல் 9 அங்குல ரிம் போதும். என்னுடையது அதன் கீழ் எல்லையில் நிற்கிறது. அச்சுக்கு அடியில் ஓர் அங்குல உயரம் போனது உண்மைதான். வண்டியை உயர்த்தியதே அந்த உயரத்துக்காக என்பதால் அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் 30 பிஎஸ்ஐயில் சாக்பீஸ் கோடு ஓரத்திலிருந்து ஓரம்வரை அழிந்ததைப் பார்த்தபோது அத்தனை நிம்மதியாக இருந்தது. ஜனவரியில் அதே இறக்கத்தில் இரண்டு முறை இறங்கிவிட்டேன். மகள் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஸ்டெப்னி இன்னும் வண்டியோடு வந்த பழைய சிறிய அளவுதான். உயரம் ஒத்துப்போகாத சக்கரத்தோடு நான்கு சக்கர இழுவையைப் போட்டால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும். ஐந்தாவது டயரையும் இந்த மாதமே வாங்கிவிடுவேன்.