உண்ணிச்செடி இருந்த வேலியில் எருக்கு: 18 மாதக் குறிப்பு

வேலியோரம் 12 மீட்டர் நீளத்துக்கு உண்ணிச்செடி ஆள் உயரம் மண்டிக் கிடந்தது. மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும், பட்டாம்பூச்சிகள் மொய்த்துக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு நல்லது என்று நினைத்துத்தான் பல வருடம் தொடாமல் விட்டிருந்தேன்.

ஒருநாள் அரைமணி நேரம் உட்கார்ந்து இலை இலையாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு முட்டை இல்லை, ஒரு புழு இல்லை. வருகிற பட்டாம்பூச்சி தேனைக் குடித்துவிட்டுப் போகிறது. முட்டையிட வேறெங்கோ தேடி அலைகிறது. உண்ணிச்செடியின் தாயகம் நடு, தென் அமெரிக்கப் பகுதிகள். அழகுக்காக 1800களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்குள்ள பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அந்த இலையைத் தின்னப் பழகவில்லை. புழு இல்லாத வேலியில் குருவி எதைக் கொண்டு குஞ்சு வளர்க்கும்? தேன்சிட்டுகூடக் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான். சரி, புழு தின்னும் செடிகள் உள்ள வேலியாக இதை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

முதல் மூன்று மீட்டரை அரிவாளால் தரையோடு வெட்டினேன். அது தவறு. மூன்றே வாரத்தில் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஏழெட்டுத் தளிர் கிளம்பி, முன்பைவிட அடர்த்தியாகிவிட்டது. அப்புறம்தான் டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு காடுகளில் செய்து காட்டிய முறையைப் படித்தேன். தளிர் வருவது தண்டும் வேரும் சேருகிற பகுதியிலிருந்து. அதனால் மண்ணை விலக்கி, அந்தச் சேர்க்கைக்குக் கீழே ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு செடியைத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். நேராகக் கிடந்தால் மண்ணில் படும் தண்டு மறுபடி வேர்பிடிக்கும். கடப்பாரையும் சின்னக் கோடாலியும் போதுமானவையாக இருந்தன. தடித்த கையுறை கட்டாயம். தண்டெல்லாம் கொக்கி முள். இப்படி எடுத்த 22 தூரில் மறுபடி துளிர்த்தது ஒன்றுதான்.

ஐந்தாவது மீட்டரில் வேலை நின்றது. புதருக்குள் சில்லைக் கூடு ஒன்று, உள்ளே குஞ்சுகளின் சத்தம். அவை பறக்கும்வரை அந்தப் பக்கம் போகவில்லை. உணவு தராத புதராக இருந்தாலும் அது ஒரு மறைவிடம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் அழித்திருந்தால் அந்தக் குஞ்சுகள் போயிருக்கும். அன்றிலிருந்து மூன்று மீட்டர் எடுப்பது, அங்கே நட்ட செடி இடுப்பளவு வந்தபிறகு அடுத்த மூன்று மீட்டர் என்று மாற்றிக்கொண்டேன். வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

நட்டவை: எருக்கு, நொச்சி, ஆவாரை, வேலியில் படர வேலிப்பருத்தி, தரையில் தும்பை. தும்பையை நான் முக்கியமாக நினைக்கவில்லை, வெற்றுமண்ணை மூடினால் போதும் என்றுதான் விதைத்தேன். ஆனால் தும்பை வராத இடங்களில் எல்லாம் பார்த்தீனியம் முளைத்தது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும் என்பதால் பூக்கும் முன்னே வேரோடு பிடுங்கினேன். தோலில் பட்டால் அரிப்பு வரும், அதற்கும் கையுறைதான். தும்பை அடர்ந்த இடத்தில் அந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறைந்தது.

கொன்றை என்று ஒருவர் கொடுத்த கன்றையும் நட்டிருந்தேன். நான்கு மாதம் கழித்து இலையைப் பார்த்தபோது சந்தேகம் வந்தது. சரக்கொன்றையின் ஒரு இலையில் அகன்ற சிற்றிலைகள் நாலிலிருந்து எட்டு ஜோடி வரைதான் இருக்கும். இதில் சிறிய சிற்றிலைகள் 13 ஜோடி. காடுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் மஞ்சக்கொன்றை அது. அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரம்தான். அன்றே பிடுங்கினேன். பெயரை நம்பாமல் இலையை எண்ணிப் பார்த்துவிட்டு நடுவது நல்லது.

ஒன்பதாம் மாதம், நான் காத்திருந்தது நடந்தது. எருக்கந்தளிரின் அடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்துவிட்டுப் போனது. குண்டூசித் தலையைவிடச் சின்னது, வெள்ளை. சில நாளில் புழு வெளியே வந்து முதலில் முட்டையோட்டையே தின்றது. அப்புறம் இலையைக் கடித்த இடத்தில் பால் துளிர்த்தது. வளர வளரக் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள், நடுவே மஞ்சள் புள்ளிகள், முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள். எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் குருவிகள் அதைத் தொடவில்லை. அந்த மாதம் 14 புழுக்களை எண்ணினேன். எருக்கில் பாதி இலை ஓட்டையாகி நின்றது. அவ்வளவு சந்தோஷமாக ஓட்டை இலைகளை நான் எண்ணியதே இல்லை.

ஆவாரையில் வந்தது வேறு வகை, இலை நிறத்திலேயே பச்சைப் புழு. இவற்றைக் குருவிகள் விடவில்லை. ஒரு காலையில் கதிர்க்குருவி ஒன்று 20 நிமிடத்தில் ஆறு முறை வந்து புழுவைக் கவ்விக்கொண்டு நொச்சிக்குள் போனது. எருக்கம்பூவுக்குப் பெரிய கருவண்டுகள் தினமும் வருகின்றன.

இப்போது ஒன்பது மீட்டர் முடிந்திருக்கிறது. உண்ணிப்பழம் தின்னும் சின்னான்கள் உட்காரும் கம்பிக்கு அடியில் புதிய நாற்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. வாரம் ஒருமுறை அங்கே பார்த்து, இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்குகிறேன். கடைசி மூன்று மீட்டரில் மறுபடி சில்லைகள் புல் கொண்டுபோகின்றன. அவை முடித்ததும் அதையும் எடுத்துவிட்டு, அங்கே ஆடுதின்னாப்பாளை வைக்கப் போகிறேன். ரோசா அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அந்த இலை வேண்டும். விதை தயாராக இருக்கிறது.