ஏதென்ஸ் அகோரா: உடைந்த பளிங்குப் பலகையைத் தேடிப் பாருங்கள்

ஏதென்ஸ் போகிறவர்கள் காலையிலேயே அக்ரோபோலிஸ் ஏறிவிட்டு, கால் ஓய்ந்து இறங்கும்போதுதான் அகோராவை எட்டிப் பார்ப்பார்கள். அதை மாற்றிக்கொள்ளுங்கள். மலைமேல் இருந்தது கோயில். பழங்கால ஏதென்ஸின் ஆட்சி நடந்தது கீழே இந்தச் சந்தைத் திடலில்தான். மொனஸ்டிராக்கி மெட்ரோவில் இறங்கினால் அட்ரியானு தெரு வாசல் நடக்கும் தூரம்.

திடலில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அடித்தளக் கற்கள். வெறுமனே சுற்றினால் ஒன்றும் பிடிபடாது. முதலில் அட்டலோஸ் ஸ்டோவாவுக்குள் போய்விடுங்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டு அங்காடி அது. 1950களில் திரும்ப எழுப்பி அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

உள்ளே, வரிசை வரிசையாகச் சிறு பிளவுகள் வெட்டிய உடைந்த பளிங்குப் பலகை ஒன்று இருக்கும். கிளெரோட்டிரியான் என்று பெயர். குலுக்கல் பொறி. நீதிமன்ற நடுவராக விரும்புகிறவர் தன் பெயர், தந்தை பெயர், ஊர் பொறித்த வெண்கலத் தகட்டோடு விடியற்காலையில் வருவார். தகடுகளைப் பிளவுகளில் செருகுவார்கள். நீதிமன்றப் பொறியில் ஒரு வரிசைக்கு ஐந்து. ஓரத்திலுள்ள குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்களைக் கலந்து போட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். வெள்ளை வந்தால் அந்த வரிசை முழுவதும் தேர்வு, கறுப்பு வந்தால் ஐந்து பேரும் வீட்டுக்கு. 50 பேர் வேண்டுமென்றால் வெள்ளைக் காய் 10. எந்த வழக்கு யாருக்கு என்பதற்கு இன்னொரு குலுக்கல். இத்தனையும் அன்று காலையில்தான் முடிவாகும் என்பதால், முந்தைய இரவு லஞ்சம் கொடுக்க நினைப்பவனுக்கு யாரிடம் கொடுப்பதென்றே தெரியாது.

பக்கத்திலேயே நடுவர்கள் வாக்களித்த தீர்ப்பு வட்டுகள். நடுத்தண்டு துளையுள்ளது என்றால் வாதிக்கு, துளையில்லை என்றால் பிரதிவாதிக்கு. தண்டின் இரு முனையையும் விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது. பேச்சு நேரத்தை அளக்க 6.4 லிட்டர் மண்பானைத் தண்ணீர்க் கடிகாரம். ஒரு பானை ஒழுகி முடிய ஆறு நிமிடம்.

ஏதென்ஸ்காரர்களுக்குத் தேர்தல் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. வசதியும் பெயரும் உள்ளவன்தான் ஜெயிப்பான் என்பது அவர்கள் கணக்கு. 500 பேர் மன்றமும் பெரும்பாலான பதவிகளும் குலுக்கலில் போயின. படைத்தளபதிகள் பத்துப் பேர் போன்ற சிலரை மட்டும் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். உயிர் போகிற விஷயத்தில் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை போலும்!

வாக்கு வைத்த இடத்தில் கோளாறும் வந்தது. பானை ஓட்டில் பெயர் கீறி ஒருவரைப் பத்தாண்டு நாடுகடத்தலாம். குறைந்தது 6,000 ஓடு வேண்டும். அக்ரோபோலிஸ் வடசரிவுக் கிணறு ஒன்றில் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் பெயருள்ள சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தோ மொத்தம் 14 பேருடையதுதான்! யாரோ முன்கூட்டியே எழுதி விநியோகத்துக்கு வைத்திருந்திருக்கிறார்கள்.

பிற்கால நாடுகள் பல, ஜனநாயகத்தைக் குறிக்கும் டெமாக்ரசி என்ற சொல்லை இங்கிருந்து எடுத்தாலும் அமைப்பைப் பெரும்பாலும் எடுத்தது ரோமிடம். செனட், ஒருவரையொருவர் தடுக்கும் பதவிகள், தேர்தல். ரோமின் மக்கள் அவை ஒன்றில் 193 குழுக்கள், குழுவுக்கு ஒரு வாக்கு. பணக்காரக் குழுக்கள் முதலில் வாக்களிக்கும், பெரும்பான்மைக்கு வேண்டிய 97 கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். ஏழையின் முறை பெரும்பாலும் வராது. அமெரிக்கா செனட்டையும், நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கேப்பிடல் என்ற பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. குலுக்கலுக்கு மிஞ்சியது, வழக்கில் தீர்ப்புச் சொல்லும் சாதாரணக் குடிமக்கள் குழுவான ஜூரி மட்டும். அயர்லாந்து 2016இல் குடிமக்கள் அவைக்கு 99 பேரைக் குலுக்கல் போலவே தேர்ந்தெடுத்தது அபூர்வம்.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து திடலின் மேற்கு ஓரத்தில் தோலோஸ் என்ற வட்ட அடித்தளத்தைப் பாருங்கள். 500 பேர் மன்றத்தில் அப்போதைக்கு முறை வந்த 50 பேர் ஆண்டின் பத்தில் ஒரு பங்கு நாள் அங்கேதான் சாப்பிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கினர் இரவும் தங்கினார்கள். அவர்களின் தலைவர் பதவி ஒரே ஒரு நாள். கஜானாச் சாவி அவர் கையில் இருக்கும், மறுநாள் வேறொருவருக்கு.

மாலையில் பினிக்ஸ் குன்று. குடிமக்கள் பேரவை கூடிய இடம். பெண்கள், அடிமைகள், வெளியூர்க்காரர்கள் நீங்கலாக. பாறையிலேயே வெட்டிய பேச்சு மேடை அப்படியே நிற்கிறது. கட்டணம் கிடையாது, நிழலும் கிடையாது. வழுக்காத செருப்பும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.