ராத்திரி பட்டினி, காலையில் 171

படுக்கும்போது ரத்தச் சர்க்கரை 130. இடையில் குடித்தது தண்ணீர் மட்டும். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 164! சர்க்கரை இருப்பது தெரிந்த புதிதில் இந்தக் கணக்குதான் என்னைப் படுத்தி எடுத்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று ஒருநாள் ராத்திரி சாப்பிடாமலே படுத்தேன். மறுநாள் 171. அழுகையே வந்துவிட்டது.

நோட்டைப் பார்த்த டாக்டர், மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்ததற்குத்தான் முதலில் திட்டினார். நடுச்சாமத்தில் சர்க்கரை தாழ்கிறதா என்று பார்க்க, மூன்று நாள் விடிகாலை மூன்று மணிக்குச் சோதித்து எழுதி வரச் சொன்னார்.

கோத்தகிரியில் அது ஜனவரி. முதல் முறை மீட்டரில் எண்ணே வரவில்லை. தெர்மாமீட்டர் படம்தான் மின்னியது. பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாதாம். மறுநாளிலிருந்து மீட்டரையும் ஸ்டிரிப் டப்பாவையும் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். விரல் விறைத்திருந்தால் எத்தனை குத்தினாலும் ரத்தம் வராது. பிளாஸ்கு வெந்நீரில் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் ஓரத்தில் குத்தினால் கடுகளவு துளி திரளும். வலியும் குறைவு.

121, 118, 125.

"தாழவே இல்லை. ஏத்துறது உங்க ஈரல்தாம்மா," என்றார் டாக்டர். நாம் சாப்பிடாத நேரத்தில் மூளைக்கும் உடம்புக்கும் வேண்டிய சர்க்கரையை ஈரல்தான் விடுகிறதாம். விடியும் முன் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும்போது இன்னும் அதிகமாக விடும். மற்றவர்களுக்குக் கணையம் உடனே இன்சுலினைச் சுரந்து ஈரலை அடக்கிவிடும். எனக்கு இன்சுலினும் போதவில்லை, இருப்பதற்கும் ஈரல் சரியாக அடங்குவதில்லை. அன்றைக்குத்தான் என் மேலிருந்த கோபம் போனது.

மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். ஒன்பது மணிச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்தது. அப்புறம் இருபது நிமிட நடை. வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம்தானே! சாயங்கால டீயோடு மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்துச் சில மாதச் சராசரியைச் சொல்வது ஹெச்பிஏ1சி பரிசோதனை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், அதை மூன்று மாதம் கழித்து எடுத்தோம். 8.3 இருந்தது 7.0 ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் பாதி வர்க்கி சாப்பிட்டேன்.